நாலரை அங்குலச் சுவர்

எங்கள் வீட்டுப் பட்டாசலை நீளவாட்டில் இரண்டாக வெட்டிக்கொண்டு ஒரு சுவர் நின்றது. கூடத்தைத்தான் எங்கள் பக்கம் பட்டாசல் என்போம். செங்கல்லை ஒற்றை வரிசையாக வைத்து மண்சாந்தில் கட்டிய 4½ அங்குலச் சுவர் அது. வீட்டைப் பழுதுபார்க்கப் போகிறோம் என்றதும் பார்க்க வந்த பத்துப் பேரில் ஒன்பது பேர் அதைக் காட்டி, "இது சும்மா மறைப்புச் சுவர்தானே, அரை நாள் வேலை" என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த அரை நாள் வேலையை அவர்கள் சொன்னபடியே செய்திருந்தால், பட்டாசலின் மேல்தளம் எங்கள் தலையில் இறங்கியிருக்கும். எங்கள் தெருவிலேயே இப்போது நாலு பழைய வீடுகளில் சுவர் இடிக்கிற வேலை நடக்கிறது, அதனால் நடந்ததை விவரமாக எழுதி வைக்கிறேன்.

ஊர் செங்கோட்டை. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ச் சீமையாக இருந்து பிறகு சென்னை மாநிலத்தோடு சேர்ந்த ஊர். ஊருக்குள் நுழையும் வளைவில் திருவிதாங்கூரின் சங்கு முத்திரை இன்னும் இருக்கிறது. எங்கள் வீட்டு நிலைப்படி மேல் உத்திரத்தில் "கொல்லம் 1101 தை" என்று வெட்டியிருக்கும், அதாவது 1926 ஜனவரி. தாத்தாவின் அப்பா கட்டியது. அதற்கு ஒன்றரை வருஷம் முன்னால்தான் மலைக்கு அந்தப் பக்கம் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம், கொல்லம் 1099, அதாவது 1924 ஆடியில். மிளகு வியாபாரத்துக்குப் போன இடத்தில் அதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தவர், தெருவிலிருந்து 3 அடி உயர்த்தித்தான் தரை போட்டிருக்கிறார். வீட்டைப் பற்றி இவ்வளவு தெரிந்த எனக்கு நடுவில் நின்ற சுவரைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை.

வீடு இப்படி: தெருவிலிருந்து திண்ணை, தார்சா, அப்புறம் பட்டாசல், அதைத் தாண்டி ரெண்டாங்கட்டு, அடுக்களை, புறவாசல். பட்டாசல் உள்ளே போகும் நீளம் 18 அடி, அகலம் 13 அடி. மேலே மட்டப்பா, அதாவது மொட்டைமாடித் தளம். 13 அடி அகலத்தை ஒரே எட்டில் தாண்டுகிற மாதிரி கிழக்குச் சுவருக்கும் மேற்குச் சுவருக்குமாக 14 தேக்குக் கட்டைகள், அவற்றின்மேல் சாய்வாகக் குத்துக்கல் வைத்த சின்னச் செங்கல், அதற்குமேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இடித்துப் போட்ட காரை, கடைசியில் தட்டோடு என்கிற தட்டையான ஓடு. மெட்ராஸ் டெரஸ் என்று கட்டடக்காரர்கள் சொல்வது இதைத்தான்.

சுவர் 1968இல் வந்தது. தாத்தாவுக்கு நாலு பெண் பிள்ளைகள், பள்ளிக்கூடச் செலவு. அன்றைக்கு ரயில்வேக்காரர்கள் இந்த ஊரில் நிறையப்பேர், கொல்லத்துக்கு மலையைத் தாண்டிப் போகிற பாதை 1904இலேயே வந்துவிட்ட ஊர் இது. அவர்களுக்கு வாடகைக்கு விடலாம் என்று தாத்தா பட்டாசலில் மேற்குப் பக்கம் 4 அடியை மட்டும் வீட்டுக்காரர்கள் போய்வர நடையாக ஒதுக்கிவிட்டு, மீதியை அறையாக்கி மறைத்துச் சுவர் எழுப்பினார். அப்போது அம்மாவுக்குப் பன்னிரண்டு வயது. செங்கல் சுமந்தவர்களில் அவளும் ஒருத்தி. கடைசிக் குடித்தனக்காரர் காலி செய்து இருபது வருஷம் ஆகிறது. சுவர் மட்டும் நின்றுகொண்டே இருந்தது, நாங்களும் பட்டப்பகலில் விளக்குப் போட்டுக்கொண்டு அந்த நடையில் போய்வந்துகொண்டே இருந்தோம்.

போன ஐப்பசியில் அம்மா புறவாசலில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவைச் சிகிச்சை முடிந்து வாக்கரோடு வந்தாள். 4 அடி நடையில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நேராகப் போகலாம். அறைக்குள் திரும்ப முடியாது, கூட ஒருவர் பிடித்துக்கொண்டு நடக்கவும் முடியாது. சுவரை எடுத்தே ஆகவேண்டும் என்று முடிவு செய்தது அவளுக்காகத்தான்.

முதலில் வந்த ஒப்பந்தக்காரர் விரலை மடக்கிச் சுவரைத் தட்டிப் பார்த்தார். "சத்தம் பொத்தலா கேக்கு, லோடு இல்ல" என்றார். தை பிறந்து முதல் புதன்கிழமை இரண்டு ஆட்கள் வந்தார்கள். வடக்கு ஓரத்தில் மேலிருந்து இரண்டு வரி செங்கல்லை உளியால் நெம்பி எடுத்தார்கள். மூன்றாவது வரியில் கை வைக்கும்போது ரெண்டாங்கட்டில் கட்டிலில் கிடந்த அம்மா சத்தம் போட்டாள்: "ஏட்டி, நிப்பாட்டச் சொல்லு. கட்டை முனங்குது." எனக்கு எதுவும் கேட்கவில்லை. வேலையாட்களுக்கும் கேட்கவில்லை. அண்ணாந்து பார்த்தேன், இரண்டு கட்டைகளுக்கு நடுவில் சுண்ணாம்புப் பூச்சு மயிரிழையாகப் பிளந்து, அதிலிருந்து பொடி மெல்ல உதிர்ந்துகொண்டிருந்தது. நிறுத்தினோம். ஒப்பந்தக்காரர் போனில், பழைய வீடென்றால் பொடி உதிரத்தான் செய்யும், நீங்கள் பயப்படுகிறீர்கள் என்றார். நான் அவர் கணக்கை முடித்து அனுப்பினேன். இரண்டு வரி எடுத்த இடத்தில் அன்று சாயங்காலமே ஒரு தேக்குத் துண்டைக் கொடுத்து இறுக்கி வைத்தோம்.

அப்புறம் நல்ல ஆளைப் பிடிக்கவே மூன்று வாரம் ஆயிற்று. மலைக்கு அந்தப் பக்கம் கூலி கூடுதல், அதனால் இங்குள்ள கொத்தனார்களில் பலர் திங்கள் காலை புனலூர், கொட்டாரக்கரை என்று போனால் சனி ராத்திரிதான் திரும்புகிறார்கள். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவர் அறுபத்தைந்து தாண்டிய மேஸ்திரி அண்ணாச்சி. சுண்ணாம்பு வேலை தெரிந்த கடைசித் தலைமுறை. அவர் சுவரைத் தொடவே இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர் நேராக அண்ணாந்து மேலே பார்த்தார். அதற்குப் பிறகு அரை மணி நேரம் மேலேயேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, கட்டை எந்தப் பக்கமா ஓடுதுன்னு பாத்தியா?" என்று கேட்டார்.

கட்டைகள் கிழக்கு மேற்காக ஓடுகின்றன. சுவர் வடக்குத் தெற்காக, எல்லாக் கட்டைகளையும் குறுக்கே வெட்டிக்கொண்டு ஓடுகிறது. கட்டைக்கு இணையாகப் போகிற சுவர் என்றால் அதன்மேல் பாரம் இருக்க வாய்ப்புக் குறைவு. குறுக்கே போகிற சுவர் என்றால், கட்டிய அன்று பாரம் இல்லாவிட்டாலும் பிற்பாடு வந்து சேர்ந்திருக்கும். இதை அண்ணாச்சி சொன்னபோது எனக்குப் புரியவில்லை. கட்டும்போது வெறும் மறைப்பு, அப்புறம் எப்படிப் பாரம் வரும்?

அவர் ஒரு கட்டையின் இரண்டு முனைகளுக்கும் நூல் பிடித்துக் காட்டினார். நடுவில் கட்டை நூலைவிட ஒன்றேமுக்கால் அங்குலம் தாழ்ந்திருந்தது. மரம் அப்படித்தான். அதன்மேல் ஒரு பாரத்தை வைத்தால் அன்றைக்கு வளைகிற வளைவோடு நிற்பதில்லை, வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வளைந்துகொண்டே போகும், பாரத்தை எடுத்தாலும் முழுசாகத் திரும்பாது. அதுவும் லேசான பாரம் இல்லை. ஏழெட்டு அங்குலக் கனத்துக்குச் செங்கல்லும் காரையும், சதுர அடிக்கு 30 கிலோவுக்கு மேல். 1968இல் கொத்தனார் சுவரின் உச்சிக்கும் கட்டையின் அடிக்கும் நடுவே இருந்த சந்தில் ஓட்டுச்சில்லைச் சொருகிப் பூசிவிட்டுப் போயிருக்கிறார். அதற்கப்புறம் கட்டைகள் தாழத் தாழ, ஓட்டுச்சில் நொறுங்கி, இறுகி, பாரம் மெள்ள மெள்ளச் சுவரின்மேல் வந்து உட்கார்ந்துவிட்டது. தட்டிப் பார்த்தால் இது தெரியாது. பாரம் தாங்கும் சுவரும் தாங்காத சுவரும் விரலுக்கு ஒரே சத்தம்தான். கனத்தை வைத்தும் சொல்ல முடியாது. 9 அங்குலம் என்றால் தாங்கும், 4½ அங்குலம் என்றால் தாங்காது என்று புதுக் கட்டடத்தில் பழகியவர்கள் சொல்வது, நூறு வருஷ வீட்டில் ஆளைக் கவிழ்த்துவிடும்.

இது பாதிதான். மீதிப் பாதி மேற்குச் சுவரில் இருந்தது.

எங்கள் தெருவில் வீடுகள் எல்லாம் ஒட்டு வீடுகள், ஒரு சுவர் இரண்டு வீட்டுக்கும் பொது. மேற்கே ஒட்டியிருந்த வீட்டை 2009இல் அதன் சொந்தக்காரர்கள் இடித்துவிட்டு மனையாகப் போட்டுவிட்டார்கள். எண்பது வருஷமாக இரண்டு வீட்டுக்கு நடுவே மழை படாமல் இருந்த சுவர் அன்றைக்கு முதன்முதலாக வெளியே வந்தது. இந்த ஊரில் மேற்கு என்றால் ஆரியங்காவு கணவாய். ஆனி, ஆடி, ஆவணி மூன்று மாதமும் கேரளத்து மழை அந்தச் சந்து வழியாகச் சாரலாக வந்து அடிக்கும். குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவர்களுக்கு அது சுகம், மேற்கு பார்த்த சுவருக்கு அது தொண்ணூறு நாள் நனைச்சல். சும்மா விடக்கூடாது என்று அப்பா அந்தச் சுவருக்கு உள்பக்கமாகச் சிமெண்ட் பூசினார். நல்லது நினைத்துத்தான் செய்தார். ஆனால் சுண்ணாம்பும் மண்ணும் சேர்ந்த சுவர் நனைந்தால் இருபக்கமும் மூச்சு விட்டுக் காயவேண்டும். சிமெண்ட் அந்த வாயை அடைத்துவிட்டது. வெளியே குடித்த தண்ணீர் உள்ளே வந்து, போக வழியில்லாமல் சுவரின் நடுவிலேயே நின்றிருக்கிறது.

அந்தச் சுவருக்குள்தான் 14 கட்டைகளின் மேற்கு முனைகளும் முக்கால் அடி ஆழத்துக்குப் புதைந்திருந்தன.

அண்ணாச்சி ஏணியில் ஏறி, ஒவ்வொரு கட்டையின் வேரிலும் ஸ்குரூடிரைவரைக் குத்திப் பார்த்துக்கொண்டே போனார். டொக், டொக் என்று எட்டுக் கட்டை. ஒன்பதாவதில் சத்தமே இல்லை. கைப்பிடி வரைக்கும் உள்ளே போயிற்று. பத்து, பதினொன்றும் அப்படியே. தேக்கு கறையானுக்குத் தப்பும், ஆண்டுக்கணக்கான ஈரத்துக்குத் தப்பாது. அந்த மூன்று கட்டைகளுக்கும் மேற்கே பிடிமானம் என்று ஒன்றும் மிச்சமில்லை. கிழக்குச் சுவரில் ஒரு முனை, நடுவில் தாத்தாவின் வாடகைச் சுவர், அதைத் தாண்டி 4 அடிக்குக் கட்டை அந்தரத்தில் நீட்டிக்கொண்டு நின்றது. அந்த நடையில்தான் தினமும் நாங்கள் போய்வந்தோம். வேலையாட்கள் நெம்பத் தொடங்கியது வடக்கு ஓரம் என்பதால் தப்பித்தோம். அன்று அவர்கள் தெற்கிலிருந்து தொடங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் அம்மாவிடம் இதுவரை சொல்லவில்லை.

அண்ணாச்சி சொல்லித்தான் தென்காசியிலிருந்து ஒரு இளம் பொறியாளரை வரவழைத்தேன். கட்டட அமைப்பு படித்தவர், பொறுமையானவர். அவர் தரையைக் கொஞ்சம் தோண்டச் சொன்னார். சுவருக்கு அஸ்திவாரமே இல்லை! சிவப்புச் சிமெண்ட் தரையின் மேலேயே நேராக எழுப்பியிருக்கிறார்கள். அவ்வளவு பாரத்தையும் தரை மட்டும் சுமந்ததால்தான் சுவரோரமாகத் தரை நீளமாக வெடித்திருந்தது. அந்த வெடிப்பை நான் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். அதன் மேல் கோலம்கூடப் போட்டிருக்கிறேன்.

முழுச் சுவரையும் எடுக்க வேண்டாம், 18 அடியில் நடுவே 11 அடியைத் திறந்தால் போதும் என்று முடிவாயிற்று. திறப்பின் இரண்டு முனையிலும் தரையைத் தோண்டி 3 அடி ஆழத்தில் கான்கிரீட் அடித்தளம், அதிலிருந்து இரும்புத் தூண், தூண்களின் மேல் கட்டைகளுக்கு அடியில் 8 அங்குல இரும்புச் சேனல் இரண்டை முதுகோடு முதுகாகச் சேர்த்த உத்திரம். வீட்டுக்குள்ளே குழி வெட்டுவதைப் பார்க்க அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. குழிக்குள் முதலில் மஞ்சள் பொடி போடச் சொன்னாள், போட்டோம்.

வேலை நடந்த வரிசைதான் இதில் முக்கியம். முதலில் முட்டு. சுவருக்கு இரண்டு பக்கமும் தரையில் தடித்த பலகை, அதன்மேல் இரும்பு ஜாக்கி, ஜாக்கியின் தலையில் எல்லாக் கட்டைகளையும் சேர்த்துத் தாங்கும் நீளப் பலகை. ஜாக்கி பக்கத்துக்கு ஏழு. தரையில் பலகை போடாமல் நேராக ஜாக்கியை நிறுத்தினால் அந்த ஒற்றைப் புள்ளியில் தரை உள்வாங்கிவிடும். அடுத்தது திருகுவது. இங்கேதான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். தாழ்ந்த கட்டையை மேலே தள்ளி நேராக்கிவிடலாம் என்று திருகினால், மேலே காரை பிளந்து தட்டோடு கிளம்பிவிடும். நூறு வருஷத்தில் வளைந்ததை ஒரு நாளில் நிமிர்த்தக்கூடாது. தொட்டுத் தாங்கினால் போதும் என்று அண்ணாச்சி ஒவ்வொரு ஜாக்கியையும் தன் கையாலேயே திருகினார், கூட வேலை செய்யும் நிமிந்தாளைத் தொடவிடவில்லை. குழி வெட்டி, கான்கிரீட் போட்டு, பத்து நாள் தண்ணீர் விட்டுக் காத்திருந்தோம். அதன் பிறகுதான் சுவர். சம்மட்டி எடுக்கவில்லை. மேலிருந்து கீழே வரி வரியாக, கரணையின் முனையால் மண்சாந்தைக் கிளறி ஒவ்வொரு செங்கல்லாகக் கையில் எடுத்தார்கள். 500க்கு மேல் முழுச் செங்கல் சிதையாமல் கிடைத்தது. அம்மா வாக்கரைப் பிடித்தபடி நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். "அப்பா எங்க நாலு பேரையும் வரிசையா நிக்க வச்சு கைமாத்திக் குடுக்கச் சொன்னாங்க" என்றாள். சுவர் இருந்த இடத்தில் சிவப்புத் தரை போட்ட நாளில் இருந்த நிறத்திலேயே இருந்தது.

சேனல் ஒவ்வொன்றும் 90 கிலோ பக்கம். ஆறு பேர் சேர்ந்து சாரத்தில் ஏற்றினார்கள். சேனலுக்கும் வளைந்த கட்டைகளுக்கும் நடுவே சந்து ஒரே அளவாக இருக்காது, ஒன்றில் கால் அங்குலம், இன்னொன்றில் முக்கால். ஒவ்வொரு கட்டைக்கும் தனித்தனியாக அளந்து இரும்புத் தகடு வெட்டிக் கொடுத்து இறுக்க ஒரு முழு நாள் போயிற்று. ஜாக்கிகளை ஒரே நாளில் எடுக்கவில்லை. தினமும் எல்லாவற்றிலும் கால் சுற்றுத் தளர்த்தி, ஒரு வாரத்தில் பாரத்தை உத்திரத்துக்கு மாற்றினார் அண்ணாச்சி.

உளுத்த மூன்று முனைகளுக்கு ஆரியங்காவிலிருந்து ஒரு மூத்த ஆசாரி வந்தார். பாதி மலையாளம், பாதி தமிழ். கட்டையை முழுசாக மாற்றவேண்டும் என்று நான் நினைத்திருந்தேன். "நல்ல மரம் எந்தினா களையுந்நது?", நல்ல மரத்தை எதற்குத் தூக்கிப் போடுவது என்று கேட்டு, அழுகிய ஒன்றரை அடியை மட்டும் அறுத்தெடுத்து, இரண்டு பக்கமும் நீளமாகப் பழைய தேக்குப் பலகை அணைத்துப் போல்ட் முறுக்கினார். பலகை செங்கோட்டை மரக்கடையிலேயே கிடைத்தது, இடித்த வீட்டு மரத்துக்கு இங்கே குறைவில்லை. முனை சுவருக்குள் போகிற இடத்தில் சுற்றிலும் அரை அங்குலம் காற்றுக்கு இடம் விட்டு, அடியில் ஒரு கருங்கல் சில்லு வைத்தார். மரம் ஈரச்சுவரைத் தொடக்கூடாது, அவ்வளவுதான் ரகசியம் என்றார்.

மேற்குச் சுவரின் உள்பக்கச் சிமெண்டை முழுக்கக் கொத்தி எடுத்துவிட்டு, சுண்ணாம்பைப் பத்து நாள் ஊறவைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரில் குழைத்துப் பூசினோம். இதைப் பழமை மேல் இருக்கும் ஆசையால் செய்தோம் என்று சிலர் நினைக்கிறார்கள். முல்லைப் பெரியாறு அணை 1895இலிருந்து சுண்ணாம்பும் சுர்க்கி என்கிற செங்கல் பொடியும் கலந்த சாந்தில் நிற்கிறது. எங்கள் சுவர் எந்தச் சாந்தில் பிறந்ததோ அதே சாந்தைத்தான் ஏற்கும், அதனால் செய்தோம். சிமெண்டை எடுத்த நாலாவது வாரம் சுவரில் இருந்த புளிச்ச வாடை போய்விட்டது.

இப்போது தெருவாசலில் யார் வந்தாலும் அம்மாவுக்குக் கட்டிலிலிருந்தே தெரிகிறது. வாக்கரோடு ஒரு முழு வட்டம் சுற்றி வருகிறாள். பகலில் விளக்குப் போடுவதில்லை.

பட்டாசல் கூரையில் அன்று பிளந்த இடத்தின் குறுக்கே அண்ணாச்சி ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை இரண்டு பக்கமும் சாந்து வைத்து ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார். மேலே ஏதாவது அசைந்தால் கண்ணாடி முதலில் உடையும். தினமும் காலையில் பல் தேய்க்கும்முன் அதைத்தான் பார்க்கிறேன், இரண்டு மாதமாக உடையவில்லை. ஆனால் மேற்குச் சுவரின் வெளிப்பக்கம் இன்னும் வெறுஞ்சுவர். அதைப் பூசவேண்டுமென்றால் பக்கத்து மனைக்குள் சாரம் கட்டவேண்டும், மனைக்காரர் புனலூரில் இருக்கிறார், போனில் பேசினால் பார்க்கலாம் பார்க்கலாம் என்கிறார். ஆனிச் சாரலுக்கு இன்னும் மூன்று வாரம்கூட இல்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் நானே போகிறேன். உளுத்த கட்டை முனை ஒன்றைப் பையில் எடுத்து வைத்திருக்கிறேன், அவரிடம் காட்ட.